ஒன்றுதான் வாங்குவேன் என்றால் எந்த போவி?

அக்கா மகன் ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருக்கிறான். வாங்கின கையோடு எனக்கு போன். "மாமா, டேவிட் போவியோட லைவ் ஆல்பம் ஒண்ணு வாங்கப் போறேன். ஒண்ணுதான், காசு அவ்வளவுதான் இருக்கு. எது வாங்கட்டும்?" 'ஸ்டேஜ்' என்று சொல்லப் போனவன் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பேரில் இரண்டு விதமான சரக்கு கிடைக்கிறது, தப்பானதை எடுத்துவிட்டால் அந்தக் கச்சேரியே பிடிக்காமல் போய்விடும், நானே ஒரு தடவை அப்படி ஏமாந்திருக்கிறேன். யோசித்து எழுதி அனுப்புகிறேன்டா என்று சொல்லி வைத்துவிட்டு உட்கார்ந்தேன், அது இவ்வளவு நீளத்துக்கு வந்து நிற்கிறது.

பெரும்பாலான ராக் பாடகர்கள் விஷயத்தில் இந்தக் கேள்வி சுலபம். ஆள் ஒருவர்தான், குரலும் ஒன்றுதான், எந்த ராத்திரி நன்றாகப் பாடினார் என்று பார்த்தால் போதும். போவி அப்படி இல்லை. 1972இல் சிவப்புத் தலைமுடியோடு ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற வேற்றுக்கிரக வேஷத்தில் நிற்கிறார். 1974இல் எலும்பும் தோலுமாக சோல் இசைப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறார், 1976இல் வெள்ளைச் சட்டையும் கறுப்பு வெயிஸ்ட்கோட்டும் போட்ட பேயைப் போல வருகிறார், 1978இல் சின்த்தசைசரோடு. 2003இல் பார்த்தால் கூட்டத்தோடு கடி ஜோக் அடித்துச் சிரிக்கிற அம்பத்தாறு வயது மனிதர். ஆக, எந்த ஆல்பம் என்று கேட்பது எந்த ஆள் என்று கேட்பதுதான். எண்பதுகளை மட்டும் நான் கணக்கில் எடுக்கவே இல்லை. 1983 வான்கூவர் கச்சேரியும் 1987 மான்ட்ரியால் கச்சேரியும் இப்போது ஆல்பமாகக் கிடைக்கின்றன, கேட்கலாம், தப்பில்லை, ஆனால் ஒன்றே ஒன்று என்கிறவனுக்கு அவை வேண்டாம்.

பொறுக்குவதற்கு நான் வைத்திருக்கும் உரைகல் 'ஃபைவ் இயர்ஸ்' பாட்டு. பூமிக்கு இன்னும் ஐந்தே வருஷம்தான் பாக்கி என்று செய்தி வருகிறது, கடைத்தெருவில் நிற்கிற ஒருவன் சுற்றிலும் இருக்கிற மனிதர்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான், அதுதான் பாட்டு. தனி டிரம்ஸோடு மெதுவாக ஆரம்பித்து அலறலில் போய் முடியும். இந்த ஒரு பாட்டு 1972, 1976, 1978, 2003 என்று நான்கு கச்சேரிப் பதிவுகளிலும் இருக்கிறது. நான்கையும் ஒரே மூச்சில் கேட்டால் எந்த போவி உங்களுக்கு ஒத்துவருவார் என்று அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

முதலில் 'லைவ் சான்டா மோனிகா 72'. அக்டோபர் 20, 1972 அன்று கலிபோர்னியாவில் சான்டா மோனிகா சிவிக் ஆடிட்டோரியத்தில் நடந்தது. எஃப்.எம். வானொலியில் ஒலிபரப்பினார்கள், அதை யாரோ பதிவு செய்து, இருபது வருஷத்துக்கு மேல் திருட்டு எல்பியாகக் கைமாறிக்கொண்டே இருந்து, முறைப்படியான வெளியீடு என்று வந்தது 2008இல்தான். ஒலித் தரம் சுமார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் குழுவின் கிடார்காரர் மிக் ரான்சன் வாசிப்பை இவ்வளவு பச்சையாக வேறெங்கும் கேட்க முடியாது. அன்றைக்கு 'ஜீன் ஜீனி' பாடுகிறார்கள் பாருங்கள், அந்தப் பாட்டு ஒலிப்பதிவாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, ரெக்கார்டு கடைக்கே வரவில்லை. கூட்டத்துக்கு அது என்ன பாட்டென்றே தெரியாது, இருந்தும் நடுவில் அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. இருபத்தைந்து வயது போவி 'ஃபைவ் இயர்ஸ்' பாடுவதைக் கேட்டால் உலகம் அழியப் போகிறதே என்ற கவலை அவருக்கு ஒன்றும் இருப்பதாகத் தெரியாது, நல்ல நாடகம் கிடைத்த சந்தோஷம்தான் இருக்கும். அந்த வயதுக்கு அது சரிதான்.

அதே குழு அடுத்த வருஷம் ஜூலை 3 அன்று லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில் வாசித்ததுதான் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்: தி மோஷன் பிக்சர்'. டி.ஏ. பென்னபேக்கர் படமாக எடுத்தது. கடைசிப் பாட்டுக்கு முன்னால் போவி மைக்கைப் பிடித்து இதுதான் நாங்கள் வாசிக்கும் கடைசிக் கச்சேரி என்று அறிவிக்கிறார், பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்த பேஸ்காரர் ட்ரெவர் போல்டருக்கும் டிரம்மர் வுடி வுட்மன்சிக்குமே அதற்கு முன் விஷயம் தெரியாது. வேலை போன சேதியை ஆயிரக்கணக்கான பேரோடு சேர்ந்து மேடையில் நின்றபடி கேட்பது எப்படி இருந்திருக்கும்! சரித்திரம் என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் இது பார்க்க வேண்டிய விஷயம், படமாகப் பாருங்கள். காதால் மட்டும் கேட்க சான்டா மோனிகாதான். 1983இல் வந்த ஆல்பத்தில் ஒலி சேறும் சகதியுமாக இருக்கும். 2003இல் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி ரீமிக்ஸ் செய்த பிறகு பரவாயில்லை. விருந்தாளியாக வந்து வாசித்த கிடார்காரர் ஜெஃப் பெக்கின் பகுதியை அத்தனை வருஷமாக வெட்டி வைத்திருந்து, ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில், 2023இல்தான் திரும்பச் சேர்த்தார்கள்.

அப்புறம் 'டேவிட் லைவ்'. பழைய எல்பி விற்கிற இடங்களில் அதிகம் கண்ணில் படுவது இதுதான், விலையும் கையைக் கடிக்காது, அதனாலேயே நிறைய பேர் இதில் ஆரம்பித்துக் கெட்டுப்போகிறார்கள். 1974 ஜூலையில் பிலடெல்ஃபியாவை ஒட்டிய அப்பர் டார்பியில், டவர் தியேட்டரில் பதிவானது. அந்தச் சுற்றுப்பயணத்துக்கு மேடையில் ஒரு நகரத்தையே கட்டி வைத்திருந்தார்கள். 'ஸ்பேஸ் ஆடிட்டி' பாடும்போது போவி ஒரு இயந்திரக் கையில் உட்கார்ந்து கூட்டத்தின் தலைக்கு மேலே மிதந்து வருவார். ரெக்கார்டில் அதெல்லாம் எங்கே தெரியும்? அதற்கு மேல், கச்சேரிக்கு முன்னால் மேடையில் கூடுதல் மைக்குகள் நிற்பதைப் பார்த்த பிறகுதான் வாத்தியக்காரர்களுக்கே இது ஆல்பமாகப் போகிறது என்று புரிந்தது. பேஸ் வாசித்த ஹெர்பி ஃப்ளவர்ஸ் முன்னால் நின்று, தனிச் சம்பளம் பேசாமல் மேடை ஏற மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தார், ஆளுக்கு 5000 டாலர் தருவதாகப் பேச்சு முடிந்த பிறகு ஏறினார்கள். அந்தக் கடுப்பு வாசிப்பில் கேட்கிறது என்று நினைக்கிறேன், எல்லோரும் மணி பார்த்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி ஒரு உணர்வு. பின்னணிக் குரல்களை வேறு பிறகு ஸ்டூடியோவில் பாடிச் சேர்த்தார்கள். போவியின் குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கரகரத்து, மேல் ஸ்தாயியில் பிசிறடித்து, போதைப்பொருள் உடம்பைத் தின்றுகொண்டிருப்பது காதில் விழுகிறது.

இவ்வளவு திட்டிவிட்டேன், ஆனால் அதில் 'ஸ்வீட் திங்' இருக்கிறது. அதற்காக நான் இதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். அடிக்குரலில் முனகலாக ஆரம்பித்து ஒவ்வொரு படியாக ஏறுவார், டேவிட் சான்பார்னின் சாக்ஸஃபோன் பக்கத்திலேயே கூட வரும், அந்த உடைந்த குரல் இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் அச்சாகப் பொருந்தியிருக்கும். மாட் தி ஹூப்பிள் என்ற ராக் குழுவுக்கு எழுதிக் கொடுத்த 'ஆல் தி யங் டூட்ஸ்' பாட்டும் போவியின் சொந்தக் குரலில் முதன்முதலாக வெளியானது இந்த ஆல்பத்தில்தான். 1974தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்கள் அதே சுற்றுப்பயணத்தின் செப்டம்பர் 5, லாஸ் ஏஞ்சல்ஸ் கச்சேரியை வாங்குங்கள், 'க்ராக்ட் ஆக்டர்' என்ற பேரில் 2017இல் வந்தது. நடுவில் இரண்டு மாதம்தான், ஆனால் கார்லோஸ் அலோமர் கிடாருக்கு வந்துவிட்டார், பின்னணிக் குரலில் அப்போது யாருக்கும் தெரியாத லூதர் வான்ட்ராஸ், குழுவுக்கே புது ரத்தம் பாய்ந்திருக்கிறது. 1974இலேயே இதை வெளியிட்டிருந்தால் 'டேவிட் லைவ்' இவ்வளவு ஏச்சு வாங்கியிருக்காது.

இனி நிஜமான போட்டிக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை போட்டி இரண்டு பேருக்குத்தான்: 'லைவ் நாஸோ கொலிசியம் 76', அப்புறம் 'ஸ்டேஜ்'. இரண்டிலும் முதுகெலும்பு ஒன்றே. கிடாரில் அலோமர், பேஸில் ஜார்ஜ் மரே, டிரம்ஸில் டென்னிஸ் டேவிஸ். இந்த மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதைக் கேட்டால் ராக் என்று சொல்வதா ஃபங்க் என்று சொல்வதா என்று தெரியாது, டேவிஸின் கை ஒரு இடத்தில் சும்மா இருக்காது, மரே அதற்கு இடம் விட்டு விட்டு வாசிப்பார்.

நாஸோ கச்சேரி நியூயார்க்கின் லாங் ஐலண்டில், மார்ச் 23, 1976 அன்று. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ரோசெஸ்டர் ஊரில் கஞ்சா வைத்திருந்ததாக போவியையும் அவர் நண்பர், பாடகர் இக்கி பாப்பையும் போலீஸ் பிடித்தது. சினிமா ஸ்டில் மாதிரி கச்சிதமாக இருக்கிற அந்த போலீஸ் போட்டோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அது இந்தக் கச்சேரிக்கு இரண்டு நாள் கழித்து எடுத்தது. ஆக, கைதுக்கும் போட்டோவுக்கும் நடுவில் வந்த கச்சேரி இது. வழக்கின் நிழல் குரலில் துளி கூட இல்லை. அந்தச் சுற்றுப்பயணத்தில் மேடையில் அலங்காரமே கிடையாது, வெறும் வெள்ளை விளக்குதான், கச்சேரி ஆரம்பிக்கும் முன் கண்ணைக் கத்தியால் கீறுகிற அந்தப் பழைய பூனுவேல் படத்தைத் திரையில் ஓடவிடுவார்கள். பிறகு ஸ்டேசி ஹேடனின் கிடார் ஊளையிட ஆரம்பிக்கும். கிட்டத்தட்ட பன்னிரண்டு நிமிடம் ஓடும் 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்'. முதல் சில நிமிடம் அந்த ஊளையும் கனத்த தாளமும் மட்டும்தான், போவி எப்போது வாய் திறப்பார் என்று காத்திருக்க வைத்து, காத்திருப்பதையே மறக்க வைத்து, அப்புறம்தான் குரல் வரும். 'ஸ்டே' பாட்டில் அலோமரும் ஹேடனும் மாறி மாறி வெட்டுகிற வெட்டை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கே இல்லை. 'பானிக் இன் டெட்ராய்ட்' பாட்டில் ஒரு டிரம் சோலோ உண்டு. மூலப் பதிவில் பாட்டு பதின்மூன்று நிமிடம், ஆல்பத்தில் ஆறு நிமிடமாக வெட்டியிருக்கிறார்கள். டென்னிஸ் டேவிஸ் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் சொல்கிறேன், வெட்டினவர் கைக்குக் காப்புப் போடலாம்.

இதிலும் 'ஃபைவ் இயர்ஸ்' உண்டு, 'லைஃப் ஆன் மார்ஸ்' முடிந்த கையோடு வரும். 1972இன் நாடகம் போய், எல்லாவற்றையும் வெகு தூரத்தில் நின்று பார்க்கிற ஒருவர் பாடுவது போல இருக்கும். கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். இதற்கும் சான்டா மோனிகா கதைதான், வானொலியில் வந்து, திருட்டுப் பதிவாகச் சுற்றி, 2010இல் 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்' ஆல்பத்தின் பெரிய பதிப்போடு சேர்ந்து வந்து, 2017இல் தனியாகக் கிடைத்தது.

இப்போது 'ஸ்டேஜ்'. 1978 ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலுமாக பிலடெல்ஃபியா, பிராவிடன்ஸ், பாஸ்டன் மூன்று ஊர்களில் பதிவானது. பழைய மூவரோடு இன்னும் நான்கு பேர். ஃபிராங்க் ஸப்பா குழுவிலிருந்து கிடாருக்கு ஏட்ரியன் பெலூ, டாட் ரன்ட்கிரனின் யுடோபியாவிலிருந்து சின்த்தசைசருக்கு ராஜர் பவல், ஹாக்விண்டிலிருந்து வயலினுக்கு சைமன் ஹவுஸ், பியானோவுக்கு ஷான் மேய்ஸ். ராக் குழுவில் வயலினா என்று நினைப்பீர்கள், 'ஹீரோஸ்' பாட்டில் பெலூவின் கிடாருக்கு அடியில் அந்த வயலின் இழை ஓடுவதைக் கேட்ட பிறகு ஸ்டூடியோ வடிவத்தில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

நான் ஏமாந்த கதை இதுதான். 1978இல் வெளிவந்த எல்பியில் கச்சேரி நடந்த வரிசையில் பாட்டுகள் இல்லை. ஸிக்கி காலத்துப் பாட்டுகளை முதல் பக்கத்தில் போட்டு, பிறகு 1975, 76, பிறகு அவர் பெர்லினில் இருந்த காலம் என்று வருஷ வரிசையில் அடுக்கிவிட்டார்கள். அது போதாதென்று ஒவ்வொரு பாட்டு முடிவிலும் கூட்டத்தின் சத்தத்தைத் தேய்த்து அணைத்தும் விட்டார்கள். பழைய சிடியும் அதே வரிசைதான். நான் முதலில் வாங்கினது அது. ஒரு பாட்டு, அமைதி, அடுத்த பாட்டு, அமைதி. கச்சேரி என்ற உணர்வே வராது, ஸ்டூடியோவில் யாரோ பழைய பாட்டுகளைச் சுத்தபத்தமாக மறுபடி வாசித்த மாதிரி இருக்கும். இரண்டு தடவை கேட்டுவிட்டு அலமாரியில் வைத்தவன் பல வருஷம் தொடவே இல்லை.

2005இல் கச்சேரி வரிசைக்கு மாற்றி வெளியிட்டார்கள். கேட்டதும் தலைகீழாகிவிட்டது. முதலில் வருவது 'வார்சாவா'. வாரக் கடைசியில் ஐஸ் ஹாக்கியும் கூடைப்பந்தும் நடக்கிற பெரிய அரங்கம், ஸிக்கியின் ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று வந்த ஆயிரக்கணக்கான பேர், அவர்கள் முன்னால் ஆறு நிமிடத்துக்கு மேல் சாவு வீட்டு ஊர்வலம் மாதிரி ஒரு சின்த்தசைசர் இசை, பாட்டின் பின்பாதியில் எந்த மொழியும் இல்லாத சொற்களில் போவியின் குரல். கூட்டம் முதலில் கத்துகிறது, பிறகு மெல்ல அடங்குகிறது. அது முடிந்து 'ஹீரோஸ்' ஆரம்பிக்கும்போது அந்த வெளிச்சம் பளீரென்று அடிக்கிறது பாருங்கள், அதற்காகத்தான் அந்த ஆறு நிமிட இருட்டு. இதை 'ஹேங் ஆன் டு யுவர்செல்ஃப்' பாட்டில் ஆரம்பித்து, 'வார்சாவா'வை மூன்றாம் பக்கத்துக்கும் 'ஹீரோஸ்' பாட்டை நான்காம் பக்கத்துக்கும் தள்ளினவர்கள் என்ன நினைத்துச் செய்தார்களோ!

அடுத்தது 'வாட் இன் தி வேர்ல்ட்'. இந்தப் பாட்டு ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. ஸ்டூடியோவில் படபடவென்று ஓடுகிற சின்னப் பாட்டு. மேடையில் அதைப் பாதி வேகத்தில், ரெக்கே மாதிரி ஆடி அசைந்து பாடிக்கொண்டே போகிறார்கள், சரி இப்படித்தான் போகப் போகிறது என்று நாம் சாய்ந்து உட்காரும்போது டேவிஸ் ஒரு உருட்டு உருட்டுவார், அவ்வளவுதான், எல்லோரும் முழு வேகத்துக்குத் தாவிவிடுவார்கள்.

'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்' இரண்டிலும் இருப்பதால் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். நாஸோவில் ஹேடனின் கிடார் வெறி பிடித்தது, எங்கே போகும் என்று அவருக்கே தெரியாதது போல இருக்கும். 'ஸ்டேஜ்' ஆல்பத்தில் பெலூ கிடாரிலேயே ரயிலைக் கொண்டுவருகிறார், தூரத்தில் கிளம்பி, பக்கத்தில் வந்து, கடந்து போகும். நீளமும் குறைவு, கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம். தனிப் பாட்டாகக் கேட்டால் நாஸோவுக்குத்தான் என் ஓட்டு, சந்தேகமே இல்லை. 'ஸ்டே' பாட்டுக்கும் அப்படியே. 'ஃபைவ் இயர்ஸ்' என்றால் 'ஸ்டேஜ்'. இங்கே போவி கத்துவதில்லை, நிதானமாகப் பாடுகிறார், வயலினும் சேர்ந்துகொள்கிறது, அந்தக் கடைத்தெருவில் நிற்கிறவன் மேல் அவருக்கே இப்போதுதான் இரக்கம் வந்தது போல இருக்கிறது.

இதே சுற்றுப்பயணத்தின் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கச்சேரிகள் 'வெல்கம் டு தி பிளாக்அவுட்' என்ற பேரில் 2018இல் வந்தன. இரண்டு மாதம் சுற்றின பிறகு குழு இன்னும் சூடேறியிருக்கிறது, கூட்டத்தின் சத்தமும் நிறைய, 'சவுண்ட் அண்ட் விஷன்' பாட்டும் கூடுதலாக உண்டு. 'ஸ்டேஜ்' ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, வியர்வை வாசனையே இல்லை என்று குறைப்படுகிறவர்கள் இதை வாங்கலாம், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கடைசியாக 'எ ரியாலிட்டி டூர்', 2003 நவம்பரில் டப்ளினில் இரண்டு ராத்திரி பதிவாகி, 2010இல் சிடியாக வந்தது. முப்பத்து மூன்று பாட்டு. காசுக்கு அதிகப் பாட்டு என்ற கணக்குப் போட்டால் போட்டியே கிடையாது. முதல் தடவை போவியைக் கேட்கிறவர்களுக்கு, அதுவும் எல்லாக் காலத்துப் பாட்டும் ஒரே இடத்தில் வேண்டும் என்பவர்களுக்கு, யோசிக்காமல் இதைச் சொல்லலாம். 'அண்டர் பிரஷர்' பாட்டில் குவீன் குழுப் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் பகுதியை கெயில் ஆன் டார்சி பேஸும் வாசித்துக்கொண்டே பாடுவது ஒன்றே வாங்கின காசுக்குக் கட்டும். குரல் கீழே இறங்கி, கனிந்து, நான்கு பதிவுகளிலும் நல்ல நிலையில் இருப்பது இதில்தான். 'ஃபைவ் இயர்ஸ்' கச்சேரி முடிகிற நேரத்தில் வரும். அம்பத்தாறு வயதில் ஒருவர் அதைப் பாடும்போது ஐந்து வருஷம் என்பது கதையில் வருகிற கணக்காக இல்லை. ஏழு மாதம் கழித்து, 2004 ஜூனில், ஜெர்மனியில் மேடையை விட்டு இறங்கினவருக்கு இதயத்தில் அடைப்பு என்று தெரிந்தது, அதோடு சுற்றுப்பயணங்களுக்கே முற்றுப்புள்ளி. இது தெரிந்து கேட்பதால்தான் எனக்கு இப்படிக் கேட்கிறதோ என்னவோ. ஆனாலும் இதில் ஆபத்து என்று எதுவும் இல்லை, எல்லோரும் நன்றாக வாசிக்கிறார்கள், எல்லாம் சரியாக நடக்கிறது. பழைய பதிவுகளில் ஏதாவது கவிழ்ந்துவிடுமோ என்று வருகிற அந்தப் படபடப்பு எனக்கு வேண்டும்.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். கிடார் பைத்தியம் என்றால் சான்டா மோனிகா, ஒலி சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள். பாட்டுக்குப் பாட்டு தாளத்தில் விழுந்து கிடப்பவன் என்றால் நாஸோ. உன் அம்மாவும் கூட உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றால் டப்ளின். உன்னை எனக்குத் தெரியும், நீ ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்கிற ஆள், அதனால் 'ஸ்டேஜ்' வாங்கு, ஆனால் 2017இல் வந்த மூன்று எல்பி பதிப்பைப் பார்த்து வாங்கு, அதில் கச்சேரி வரிசையும் இருக்கிறது, முன்பு விட்டுப்போன 'ஜீன் ஜீனி', 'சஃப்ரஜெட் சிட்டி' இரண்டும் சேர்ந்திருக்கிறது.

"மாமா, அட்டை ரெண்டுக்கும் ஒரே மாதிரி இருக்குமே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றான்.

பின்பக்கம் திருப்பிப் பாருடா. முதல் பாட்டு 'ஹேங் ஆன் டு யுவர்செல்ஃப்' என்று போட்டிருந்தால் கீழே வைத்துவிட்டு வா. 'வார்சாவா' என்று போட்டிருந்தால் பணத்தைக் கட்டு.